தாளா, கையா, கண்ணா? ஹிப்னாடிசப் பயிற்சிக் கூடலுக்கு ஏற்ற முறை எது

லண்டனில் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பப்பின் மாடி அறையில் நாங்கள் பதினைந்து இருபது பேர் கூடுவோம். யாரும் நோயாளியாக வருவதில்லை, யாரும் டாக்டராகவும் வருவதில்லை. ஹிப்னாடிசத்தில் ஆர்வம் உள்ளவர்கள், ஒருவர் மேல் ஒருவர் செய்து பழகுகிறோம். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். கீழே டம்ளர் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். எதிரே கண்மூடி உட்காரப் போகிறவரை அரை மணி நேரத்துக்கு முன்புதான் முதன்முதலில் பார்த்திருப்போம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த இண்டக்‌ஷனைப் பழகுவது?

ஒருவரை ஹிப்னாடிச நிலைக்குள் அழைத்துப் போகும் வழிக்குப் பெயர்தான் இண்டக்‌ஷன். புத்தகங்களில் எத்தனையோ இருக்கும். அறையைச் சுற்றிப் பார்த்தால் மூன்று வகைதான் நடக்கும்: தாளைப் பார்த்து வாசிப்பது, கையைப் பிடித்துச் சட்டென்று இறக்குவது, கண்ணில் தொடங்கி இறக்குவது. நான்கு வருடமாக மூன்றையும் செய்திருக்கிறேன், மூன்றுக்கும் சப்ஜெக்டாக, அதாவது செய்துகொள்பவராக, உட்கார்ந்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் தாள். இதன் வேர் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி. அவர் தசையை இறுக்கிப் பிறகு விடச் சொன்னார். ஹிப்னாடிசக்காரர்கள் இறுக்குவதை விட்டுவிட்டு, தளர்வதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பாதம் தளர்கிறது, கணுக்கால் தளர்கிறது என்று தலை வரைக்கும் ஏறி, அப்புறம் பத்துப் படிகளில் கீழே இறங்குவதாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள். இதில் பயம் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்கூட முதல் நாளே செய்துவிடலாம். கேட்பவருக்கும் சுகமாக இருக்கும், சிலர் நிஜமாகவே தூங்கிப்போவார்கள்.

ஆனால் தாளைப் பிடித்தால் கண் தாளில்தான் இருக்கும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஜனவரி மாலை. எதிரே ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. நான் குரலைத் தாழ்த்தி, படிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஏழு, ஆறு, ஐந்து. நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். அருகில் பார்வையாளராக இருந்தவர் என் முழங்கையைத் தொட்டார். நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண்மணியின் கைவிரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தன. தாடை இறுகியிருந்தது. உடனே படியை விட்டுவிட்டு, ‘நீங்கள் இந்த நாற்காலியில் பத்திரமாக இருக்கிறீர்கள்’ என்று சொல்லி மெதுவாக வெளியே கொண்டுவந்தேன். போன குளிர்காலத்தில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர் அவர். தாளில் எழுதியிருந்த எதிலும் தவறில்லை. அந்த மனிதருக்குத்தான் அது தவறு. அன்றிலிருந்து படி, லிஃப்ட், கடல், காடு எதைப் பயன்படுத்துவதாக இருந்தாலும் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.

அடுத்தது கை. மேடைக்காரர்களிடமும் யூடியூபிலும் பார்ப்பது இதைத்தான். கைகுலுக்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி வேறு பக்கம் திருப்பும் வித்தை அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் பெயரோடு சேர்ந்தது. கைகுலுக்குவது யோசிக்காமல் செய்கிற காரியம். அது நடுவில் அறுந்தால் மனம் ஒரு நொடி திகைக்கும், அந்த நொடியில் சொல்லும் சொல் உள்ளே போகும். இன்னொன்று, கையைச் சட்டென்று இழுத்து ‘தூங்கு’ என்பது. சில விநாடிகளில் முடிந்துவிடும். இருபது நிமிடத்தில் ஐந்தாறு தடவை பழகலாம். தயங்கித் தயங்கிப் பேசுபவருக்கு உறுதியாகப் பேசும் பழக்கம் வரும். இதை மறுக்க முடியாது.

இருந்தாலும் முதல் வருடத்தில் இதைத் தொட வேண்டாம் என்பேன். உடல் ஒரு காரணம். வேறொரு ஊரில் நடந்த பயிலரங்கில், ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவர் என் கையை வெடுக்கென்று இழுத்தார். இரண்டு வாரம் தோள் வலித்தது, சட்டை மாட்ட இடது கையைத் தூக்க முடியவில்லை. தோள், கழுத்து, முதுகு பற்றிக் கேட்காமல், தொடுவதற்குச் சம்மதம் வாங்காமல் கை வைக்கவே கூடாது. நின்றபடி செய்வது பயிற்சிக் கூடலில் வேண்டவே வேண்டாம்.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஹிப்னாடிசத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி இசைவதில்லை. நூற்றில் பத்துப் பதினைந்து பேர் மிக நன்றாக இசைவார்கள். ஏறக்குறைய அதே அளவினருக்கு ஒன்றும் பெரிதாக நடக்காது. மற்றவர்கள் நடுவில். சட்டென்று இறக்கும் முறை முதல் வகையினரிடம் அற்புதமாக நடக்கும். மற்றவர்களிடம் நடக்காதபோது, செய்தவர் தன் மேல் பழி போட்டுக்கொள்வார், இல்லையென்றால் எதிரே இருப்பவர் ‘எதிர்க்கிறார்’ என்பார். இரண்டும் உண்மையல்ல. கை முறையில் நம் கவனம் நம் வேகத்தின் மேல் இருக்கும். சுற்றி நாலு பேர் நின்று பார்த்தால் அவர்கள் மேலும் இருக்கும். எதிரே உள்ள முகத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

மூன்றாவது கண். மான்செஸ்டரில் இருந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் 1841இல் ஹிப்னாடிசத்துக்கு முன்னோடியான மெஸ்மெரிசக் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு இதை ஆராயத் தொடங்கினார். தன் கத்தி வைக்கும் பளபளப்பான சிறு பெட்டியை, எட்டிலிருந்து பதினைந்து அங்குல தூரத்தில், நெற்றிக்கு மேலாகப் பிடித்து அதையே உற்றுப் பார்க்கச் சொன்னார். கண் களைத்துத் தானாக மூடும். 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் ஹிப்னாடிச இசைவை அளக்க 12 அம்ச அளவுகோலை உருவாக்கியபோதும், ஒரு சிறு இலக்கைப் பார்க்கச் சொல்லித்தான் இண்டக்‌ஷனைச் செய்தார்கள்.

நாங்கள் இதோடு டேவ் எல்மன் முறையையும் சேர்த்துக்கொள்கிறோம். எல்மன் (1900–1967) அமெரிக்காவில் மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். இமைகளை இனி வேலை செய்யாது என்னும் அளவுக்குத் தளரவிடச் சொல்லி, அப்படியே திறக்க முயன்று பார்க்கச் சொல்வார். அப்புறம் கையைத் தூக்கி விட்டால் ஈரத்துணி மாதிரி விழ வேண்டும். அப்புறம் 100இலிருந்து கீழே எண்ணும்போது எண்கள் கரைந்து போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு படியிலும் எதிரே இருப்பவர் நமக்கு ஒரு பதில் தருகிறார், அந்தப் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த படி. கை பாதியில் நின்றால் அவர் உதவி செய்கிறார் என்று பொருள், இன்னும் தளரவில்லை. திரும்பப் போகலாம், அவசரமில்லை.

இதனால்தான் என் ஓட்டு கண்ணுக்கு. பார்க்காமல் இதைச் செய்யவே முடியாது. இமை படபடப்பது, விழுங்குவது குறைவது, மூச்சு நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்குவது, கன்னம் லேசாகச் சிவப்பது எல்லாம் சில மாதங்களில் கண்ணுக்குப் பழகிவிடும். கூடலில் கற்க வேண்டிய கலை இந்தக் கவனிப்பு. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொற்களைப் பழகலாம், இதைப் பழக இன்னொரு மனிதர் வேண்டும்.

கோவாவில் பிறந்து பாரிஸில் 1813இல் சொற்பொழிவுகள் நடத்திய பாதிரியார் அபே ஃபாரியா அன்றைக்கே சொன்னது இதன் அடிப்படை: சக்தி செய்பவரிடம் இல்லை, உட்கார்ந்திருப்பவரிடம்தான் இருக்கிறது. பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

கண் முறைக்கும் ஒரு சிக்கல் உண்டு. காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கு உற்றுப் பார்ப்பது எரிச்சல் தரும், சிலருக்குத் தலை வலிக்கும். அவர்களிடம் உற்றுப் பார்க்கச் சொல்லாமல் நேராக இமை தளர்வுக்குப் போய்விடலாம்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் தமிழில் செய்து பார்க்கலாம் என்றார். ‘உங்கள் இமைகள் கனமாகின்றன’ என்று தொடங்கினேன். கண்ணைத் திறந்து, “தம்பி, செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறியள், எனக்கு முழிப்புத்தான் வருது” என்றார். சரி என்று, ‘கண்ணு சொருகுது பாருங்க அக்கா, மூடினா எவ்வளவு சுகமா இருக்கு’ என்றேன். அடுத்த மூச்சிலேயே தோள் இறங்கியது. தாயிடம் கேட்ட சொல்லில் உடம்பு தளர்கிறது. தமிழில் இந்த நிலைக்கு அறிதுயில் என்று அழகான பெயர் இருக்கிறது, பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் விழித்த தூக்கம். வசியம் என்று பயப்படும் உறவினர்களிடம் நான் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறேன்.

எந்த முறையானாலும் இருவராக உட்காராதீர்கள், மூவராக உட்காருங்கள். செய்பவர், சப்ஜெக்ட், பார்வையாளர். அந்த ஜனவரியில் என் முழங்கையைத் தொட மூன்றாமவர் இருந்தார். வலிப்பு வந்தவர்கள், மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் சப்ஜெக்டாக வேண்டாம். பழைய துக்கத்தைக் கிளறிச் சரிசெய்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம், அது பயிற்சி பெற்ற நிபுணர் வேலை.

முடிக்கும்போது, கொடுத்த சஜஷன்களை, அதாவது அந்த நிலையில் சொன்ன கருத்தூட்டல்களை, ஒவ்வொன்றாகத் திரும்ப எடுங்கள். கை கனக்கிறது என்று சொல்லியிருந்தால், கை பழையபடி லேசாகிவிட்டது என்று சொல்லுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி எழுப்பி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, எழுந்து நாலடி நடக்கச் சொல்லுங்கள். அப்புறம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி: “நான் சொன்னதில் எந்த வார்த்தை உங்களுக்கு உறுத்தியது?” பதிலை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.