மணிக்கணக்கா, நிகழ்வுக்கணக்கா, முழுநாளா? திருமணப் படப்பிடிப்பு பேக்கேஜ் கட்டும் வழிகள்

திருமணப் படப்பிடிப்பை நான்கு விதமாக விற்றுப் பார்த்திருக்கிறேன். மணிக்கு இவ்வளவு என்று. 6, 8, 10 மணி நேரம் என அடுக்கிய பேக்கேஜாக. சடங்குக்கு இவ்வளவு, வரவேற்புக்கு இவ்வளவு என்று நிகழ்வு வாரியாக. கடிகாரமே பார்க்காத முழுநாளாக. நான்கிலும் மனம் நிறைந்து போனவர்கள் உண்டு, முகம் கோணிப் போனவர்களும் உண்டு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் தங்களுடையதை எழுதுகிறார்கள். அங்கே 8 மணி நேரம் என்று இருந்தால் இங்கேயும் 8. அந்த 8 எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுபவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. எத்தனை மணி நேரம் என்பது அதற்குப் பிறகு தானாக வந்து சேரும்.

முதலில் வேலைக்கணக்கு

எந்த முறையில் விற்றாலும், ஒரு மணி நேரக் கவரேஜுக்கு (மண்டபத்தில் படம் பிடிக்க நிற்கும் நேரம்) பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியாமல் விலை போடக் கூடாது. என் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் கை வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கவரேஜின் ஒவ்வொரு மணிக்கும் எனக்குச் சுமார் 375 கிளிக் விழும். அதில் வீட்டாரிடம் கொடுக்க 60 படம் தேறும். செலக்‌ஷனில் நல்லவற்றைப் பொறுக்க ஒரு படத்துக்கு 2 விநாடி வைத்தால் 375 படத்துக்குப் பன்னிரண்டரை நிமிடம். கரெக்‌ஷனுக்கு, அதாவது நிறமும் வெளிச்சமும் திருத்த, படத்துக்கு 2 நிமிடம் வைத்தால் 60 படத்துக்கு 2 மணி நேரம். ஆக, மண்டபத்தில் நின்ற 1 மணி நேரம் மேசை வேலையும் சேர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது.

இது கூடிக் குறையும் பகுதி. கூடாமலும் குறையாமலும் நிற்கிற பகுதி வேறு: மணமக்களோடு இரண்டு சந்திப்புக்கு 3 மணி நேரம், பயணம் 2, கருவிகளைத் தயார் செய்யவும் பிறகு மெமரி கார்டுகளைப் பிரதி எடுக்கவும் 2, ஆல்பம் கேட்டிருந்தால் அதன் வடிவமைப்புக்கு 6. மொத்தம் 13.

இப்போது கூட்டிப் பாருங்கள். 8 மணி நேரக் கவரேஜ் என்பது சுமார் 39 மணி நேர வேலை. 4 மணி நேரக் கவரேஜ் 26. நேரம் பாதியானாலும் வேலை மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கிறது. 12 மணி நேரம் என்றால் ஐம்பத்தொன்றரை. அதாவது கடிகாரம் ஒன்றரை மடங்கு ஓடினாலும் வேலை மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. 'பாதி நேரம்தானே, பாதி விலை' என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பேரம் பேசுவதைவிட அது மரியாதை. அதோடு, 4 மணி நேரத்துக்குக் கொடுத்த தேதியை வேறு யாருக்கும் 10 மணி நேரத்துக்குக் கொடுக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மணிக்கு இவ்வளவு என்பதும், அடுக்கிய பேக்கேஜும்

மணிக்கணக்கில் விற்பது பார்ப்பதற்கு நியாயமாக இருக்கும். பயன்படுத்திய அளவுக்குக் காசு. பதிவுத் திருமணம், இருபது பேர் கூடும் எளிய சடங்கு போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு மணி நேரம், அடிப்படைக் கட்டணம் ஒன்று, முடிந்தது.

ஆனால் பெரிய திருமணத்தில் இதே முறை வீட்டாரைக் கடிகாரம் பார்க்க வைக்கிறது. ஒப்பனை தாமதமானால் 'படம் எடுக்கிறவர் சும்மா நிற்கிறாரே' என்று பதற்றம். அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில்தான் நல்ல படம் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். மணப்பெண்ணின் தங்கை கண்ணாடி முன்னால் தனியாகத் தன் காதணியைச் சரி செய்துகொள்ளும் படம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. மீட்டர் ஓடும் இடத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

அடுக்கிய பேக்கேஜ் இந்தப் பதற்றத்தைக் குறைக்கும். விலை முன்கூட்டியே தெரியும், 8 மணி நேரம் கையில் இருக்கிறது. இதன் சிக்கல் கடைசி அரை மணி நேரத்தில் வெளிப்படும். ஒரு 6 மணி நேர பேக்கேஜில் எனக்கு அது நடந்தது. சடங்கு 50 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. குடும்பப் படங்கள் நீண்டன. இரவு 9 மணிக்கு என் நேரம் முடிந்தது. இரண்டாவது கேமராவைப் பையில் வைத்து, லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டிருந்தபோது பாட்டு மாறியது. மணமகனின் பாட்டி ஊன்றுகோலைப் பேரனிடம் கொடுத்துவிட்டு ஆட எழுந்தார். மணமகளின் அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மூடியைக் கழற்றி எடுத்தேன்தான். ஆனால் முதல் ஐந்தாறு விநாடி போய்விட்டது. அந்தத் தகப்பனை விருந்துக்கு நடுவில் அப்படிக் கணக்குப் பார்க்க வைத்ததும் நான் எழுதிய பேக்கேஜ்தான். அன்றிலிருந்து என் எல்லா பேக்கேஜிலும் 30 நிமிடம் சலுகை நேரமாக உள்ளே இருக்கிறது. அதற்கான விலையும் உள்ளேயே இருக்கிறது.

6 மணி நேர பேக்கேஜைப் பற்றி வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். மலிவாகக் காட்டுவதற்காகப் பலர் அதைப் பட்டியலில் வைக்கிறார்கள். சடங்கு 4 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். தயாராவதற்கு 2 மணி நேரம் முன்னால் போக வேண்டும். சடங்குக்கு 1 மணி நேரம். குடும்பக் குழுப் படங்கள் 15 என்றால், ஒன்றுக்கு 3 நிமிடம் வீதம் 45 நிமிடம். அதுவும் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருந்தால். மணமக்கள் தனிப்படத்துக்கு 45 நிமிடம். இடம் மாற அரை மணி. ஐந்து மணி நேரம் போய்விட்டது, வரவேற்பு இன்னும் தொடங்கவே இல்லை. ஆகவே 6 மணி நேரம் என்பது சடங்கும் படங்களும் மட்டும் வேண்டும் என்பவருக்கானது. அதை அப்படியே எழுதிவிட்டால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

நிகழ்வுக்கணக்கும் முழுநாளும்

சடங்குக்கும் வரவேற்புக்கும் நடுவே 3 மணி நேர இடைவெளி இருக்கிற திருமணங்களில் மணிக்கணக்கு திணறும். தொடர்ச்சியாக எண்ணினால் வீட்டார் வெறும் நேரத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். எண்ணாவிட்டால் நாம் காத்திருக்கும் நேரம் வீணாகிறது. நிகழ்வு வாரியாகப் பேசினால் இந்த இழுபறி கிடையாது. நான் வைத்திருக்கும் விதி: இடைவெளி 2 மணி நேரத்துக்குள் என்றால் கவரேஜில் சேரும், அதற்கு மேல் என்றால் இரண்டு தனி நிகழ்வு, இரண்டாவது பயணத்துக்குத் தனிக் கட்டணம்.

நிகழ்வுக்கணக்கின் பலவீனம், 'வரவேற்பு' என்ற சொல்லுக்கு முடிவு கிடையாது என்பது. ஒருவருக்கு அது வாழ்த்துரையோடு முடியும், இன்னொருவருக்குக் கடைசி விருந்தினர் கிளம்பும்வரை நீளும். எல்லை எழுதாத நிகழ்வுக்கணக்கு, இரவு பன்னிரண்டு மணிக்கு மனஸ்தாபமாக முடியும். அதனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் உச்ச வரம்பு வேண்டும்: வரவேற்பு, மணமக்கள் நுழைவதிலிருந்து, 4 மணி நேரம் வரை.

முழுநாள் என்பது வாங்குபவருக்கு நிம்மதி. யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. நானும் பல ஆண்டுகள் இதையே பெருமையாகச் சொல்லி விற்றேன். ஆனால் பத்தாவது மணி நேரத்துக்கு மேல் என் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. ஃபோகஸ் தவறியவை கூடுகின்றன, முன்கூட்டியே கணித்து எடுத்தவை குறைகின்றன. கண் களைத்துவிடுகிறது, அவ்வளவுதான். முழுநாள் விற்பவர் அதற்கும் ஒரு வரம்பு, என்னைக் கேட்டால் 12 மணி நேரம், எழுதிவைப்பது வீட்டாருக்கும் நல்லது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆள் மாற்ற வேண்டும்.

கார்டும் டிரைவும் இதே கணக்கில்தான். 8 மணி நேரத்தில் 3,000 கிளிக். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு) ஒன்று சுமார் 30 எம்பி என்றால் 90 ஜிபி. கேமராவின் இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் எழுதவிட்டு, வீடு திரும்பியதும் இரண்டு தனித்தனி டிரைவில் ஏற்றி, ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கிறேன். 12 மணி நேரம் ஒப்புக்கொள்ளும்போது இந்த இடமும் ஒன்றரை மடங்காகும்.

கூடுதல் நேரமா, கூடுதல் ஆளா?

வீட்டார் என்னிடம் 'இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாமா' என்று கேட்கும்போது, பல நேரம் அவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது போட்டோகிராபர். மணமகளும் மணமகனும் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் தயாராகிறார்கள் என்றால், ஒருவர் எத்தனை மணி நேரம் நின்றாலும் அதில் ஒரு பக்கம்தான் கிடைக்கும். சடங்கிலும் அப்படியே. மணமகள் நடந்து வரும் அந்த 20 விநாடியில் ஒரு கேமரா அவள் முகத்தில் இருந்தால், அவனுடைய முகத்தில் இன்னொன்று இருக்க வேண்டும். இந்த இடத்தில் இரண்டு பேர் 6 மணி நேரம் என்பது ஒருவர் 8 மணி நேரம் என்பதைவிட நிச்சயமாக மேல்.

விருந்தினர் 60 பேருக்குள், எல்லாம் ஒரே இடத்தில் என்றால் நேர் எதிர். அங்கே இரண்டு கேமரா இருந்தால் கூட்டத்துக்கே உறுத்தும். ஒரு ஆளும் கூடுதல் நேரமும் போதும்.

இரண்டாவது ஆளைச் சேர்க்கும்போது கரெக்‌ஷன் வேலையும் கூடும் என்பதை விலையில் மறக்காதீர்கள். காலையில் முதல் வேலையாக இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் விநாடி வரை ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் இருவர் படங்களையும் நேர வரிசையில் சேர்க்கும்போது, மோதிரம் மாற்றிய படம் மணமகள் நடந்து வரும் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று படி வைப்பது பற்றி

மூன்று பேக்கேஜ் வைத்தால் நடுவில் இருப்பதை அதிகம் பேர் எடுப்பார்கள் என்பது அனுபவத்தில் தெரிந்ததுதான். நடு நிலையில் இருக்கும் தேர்வுக்கு மனம் சாயும் என்பதை நுகர்வோர் ஆய்வாளர் இட்டமார் சைமன்சன் 1989இல் ஆய்வாக எழுதினார். அதற்கு முன்பே, 1982இல் ஜோயல் ஹூபர், ஜான் பெய்ன், கிறிஸ்டோபர் பூட்டோ மூவரும், ஒரு தேர்வுக்குப் பக்கத்தில் அதைவிடச் சற்றுக் குறைவான, எதிலும் அதை மிஞ்சாத ஒன்றை வைத்தால் அந்தத் தேர்வு எடுப்பாகத் தெரியும் என்று காட்டினார்கள். தொழில் ஆலோசனைகள் பலவும் இதைப் பிடித்துக்கொண்டு, யாரும் எடுக்கக் கூடாத ஒரு பேக்கேஜை வேண்டுமென்றே வைக்கச் சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வாழ்நாளில் ஒரு முறை வாங்குகிற பொருள் இது. வாங்குபவருக்கு ஒப்பிட அனுபவம் கிடையாது. மூன்றில் எதை எடுத்தாலும் குறையில்லாத படங்கள் கிடைக்கும்படி கட்டுவதே நமக்கு அழகு.

அதனால் என் பட்டியலில் படிகளுக்கு வெள்ளி, தங்கம் என்று பெயர் கிடையாது. தொடக்கமும் முடிவும்தான் பெயர். 'சடங்கு முதல் குடும்பப் படங்கள் வரை' ஒன்று. வரம்பு 4 மணி நேரம். 'தயாராவது முதல் வாழ்த்துரை வரை' இரண்டாவது. 8 மணி நேரம். 'தயாராவது முதல் விடைபெறும் வரை' மூன்றாவது. 12 மணி நேரம், இரண்டு ஆட்கள். மணி நேரம் கீழே சிறிய எழுத்தில் வரம்பாக இருக்கும். ஆல்பத்தை எதிலும் கட்டாயமாக்குவதில்லை. பக்கங்களின் எண்ணிக்கையை மணி நேரத்தோடு முடிச்சுப் போடுவதும் இல்லை. 12 மணி நேரத் திருமணத்தின் ஆல்பம் 8 மணி நேரத் திருமணத்தினுடையதைவிடத் தடிமனாக இருக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை.

நேரம் குறிப்பதற்கு முன் அந்தத் தேதியில், அந்த ஊரில் சூரியன் எப்போது மறைகிறது என்று பார்த்துவிடுகிறேன். மறைவதற்கு முன் வெயில் சாய்ந்து பொன்னிறமாக விழும் கடைசி ஒரு மணி நேரம், மறைந்தபின் சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இறங்கும் வரை நீடிக்கும் நீல வெளிச்சம், இரண்டும் மணமக்கள் தனிப்படத்துக்கு உரியவை. 8 மணி நேரமும் எடுத்துவிட்டு, அந்த வெளிச்ச நேரத்தில் மட்டும் உள்ளே மேடைப் படம் எடுத்துக்கொண்டு நின்றால் என்ன கவரேஜ்?

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

நேரம் எப்போது தொடங்குகிறது: நான் வாசலில் இறங்கும்போது அல்ல, ஒப்புக்கொண்ட நேரத்தில். இடையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும் பயணம் கவரேஜில் சேரும். சாப்பிடும் நேரமும் சேரும், ஏனென்றால் அப்போதும் கேமரா பக்கத்திலேயே இருக்கிறது. வரம்பும் சலுகை நேரமும் தாண்டினால் ஓவர்டைம் அரை மணி அரை மணியாக. விலை முதல் நாளே எழுத்தில். கரெக்‌ஷன் வேலையும் சேர்ந்திருப்பதால் அந்த விலை படம் பிடிக்கும் நேரத்துக்கு மட்டுமானது அல்ல என்பதையும் அங்கேயே ஒரு வரியில்.

ஓவர்டைமுக்குச் சரி சொல்லும் ஆள் யார் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குகிறேன். மணமக்களாக இருக்கக் கூடாது, பெற்றோராகவும் வேண்டாம். அன்று அவர்கள் காதில் எதுவும் விழாது. நிதானமான ஒரு அண்ணனோ சித்தியோ போதும். வரம்பு முடிய 40 நிமிடம் இருக்கும்போது அவரிடம் போய், மேடையிலிருந்து தள்ளி நின்று, ஒரே ஒரு முறை கேட்கிறேன். அவர் பெயர் என் சட்டைப் பையில் இருக்கும் அட்டையில் முதல் வரி. அதற்குக் கீழேதான் குடும்பக் குழுப் படங்களின் பட்டியல்.