மயிலாடிச் சிற்பக் கூடத்தில் செய்து வாங்கிய புனித குளோத்தில்தா சுரூபம்

எங்கள் பாட்டியின் திருமுழுக்குப் பெயர் குளோத்தில்தா. அவர் நினைவாகக் குடும்பக் குருசடியில் (சிலுவை நிறுவிய சிறு வழிபாட்டிடம்) வைக்க அப்புனிதையின் சுரூபத்தைத் தேடினோம். நாகர்கோவில், கோட்டாறு கடைகளில் மாதாவும் அந்தோணியாரும் சவேரியாரும் எல்லா அளவுகளிலும் கிடைத்தார்களே தவிர, இன்றைய பிரான்சுப் பகுதியை அக்காலத்தில் ஆண்ட பிராங்கு இனத்தின் இந்த அரசியைக் காண முடியவில்லை. ஆகவே மயிலாடியில் உள்ள ஒரு கல்சிற்பக் கூடத்தில், ஒன்றரை அடி உயரக் கருங்கல் சுரூபத்துக்கு முன்பணம் கொடுத்தோம்.

கூடத்தார் முதலில் வரைந்து காட்டியது, ஐரோப்பியப் படங்களில் வழக்கமாகக் காணப்படும் உருவம்: கிரீடம் சூடிய இளம் அரசி, கையில் ஒரு சிறிய ஆலயம். அது பொருந்தாத உருவம் அன்று. புர்குந்தி அரச குலத்தில் பிறந்து, 493-ஆம் ஆண்டு வாக்கில் பிராங்கு மன்னர் குளோவிசை மணந்த குளோத்தில்தாவே கணவரைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தவர். ரேம்ஸ் நகரில் ஆயர் ரெமிஜியுசிடம் மன்னர் திருமுழுக்குப் பெற்றபோது அவருடைய வீரர்கள் 3,000-க்கும் மேற்பட்டோர் உடன் பெற்றதாகத் தூர் நகர ஆயர் கிரகோரி எழுதியுள்ளார். ஆயினும் அந்த வரைபடத்தில் இருந்தது அவர் வாழ்வின் முற்பகுதி மட்டுமே. மூத்த சிற்பியிடம் மீதியைச் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். இந்தக் கூடத்தின் முதன்மையான சிறப்பாக நான் கருதுவது அதைத்தான்.

குளோத்தில்தாவின் பெற்றோரைத் தந்தையின் உடன்பிறந்தவரான குண்டோபாதே கொன்றதாகக் கிரகோரி கூறுகிறார். குளோத்தில்தாவின் தலைமகன் இங்கோமர் திருமுழுக்கின் வெண்ணாடையிலேயே இறந்தான். 511-இல் கணவர் மறைந்தபின் தூர் நகரில் புனித மார்ட்டின் ஆலயத்தை அண்டி வாழச் சென்றவருக்கு அங்கும் அமைதி கிடைக்கவில்லை. 524-இல் மகன் குளோதோமர் புர்குந்தியரோடு நடந்த போரில் மாண்டார். அவருடைய மூன்று ஆண்பிள்ளைகளைப் பாட்டியே வளர்த்தார். அப்பிள்ளைகளுக்கு நாட்டில் பங்கு போய்விடும் என்று அஞ்சிய, குளோத்தில்தாவின் மற்ற மகன்களான சில்டபெர்ட்டும் குளோத்தாரும், முடிசூட்டுவதாகச் சொல்லி அவர்களை அழைத்துக்கொண்டு, தம் தாயிடம் ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் அனுப்பினார்கள். பிராங்கு அரச குலத்தில் நீண்ட கூந்தலே ஆட்சியுரிமையின் அடையாளம். கூந்தல் வெட்டப்பட்டு வாழ்வதைவிட இறப்பதே மேல் என்று, துயரத்தில் நிலைகலங்கிய அவர் சொல்லிவிட்டார். பத்து வயதும் ஏழு வயதுமான இரு பேரன்களைக் குளோத்தார் தம் கையாலேயே கொன்றார். தப்பிய மூன்றாவது பேரன் குளோதோவால்டு பின்னர் துறவியாகி, இன்று புனிதராகப் போற்றப்படுகிறார். குளோத்தில்தாவின் மகளும், தன் கணவரான விசிகோத்து இன மன்னர் அமலரிக்கிடம் கொடுமைப்பட்டு, 531-இல் மீட்கப்பட்டு வரும் வழியில் இறந்துபோனாள்.

இதையெல்லாம் கேட்ட சிற்பி, கைம்பெண்ணின் முக்காடிட்ட முதியவராக அரசியைச் செதுக்கி, கிரீடத்தைக் காலடியில் வைத்துவிட்டார். மூன்று பேரன்களும் இந்த அளவுக் கல்லில் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பதால், பாட்டியின் ஆடையைப் பற்றிய ஒரே சிறுவனாகக் குளோதோவால்டு மட்டும் நிற்கிறான். கத்தரிக்கோலையும் கேட்டிருந்தேன், அவ்வளவு மெல்லிய பகுதி கருங்கல்லில் உடைந்துவிடும் என்று அவர் மறுத்தது சரியே. பேரனின் தலைமேல் இருக்கும் அந்த வலக்கையைப் போல ஒரு கையை அச்சில் வார்த்த சுரூபம் எதிலும் நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. முகத்துக்குக் கண்ணாடிபோலப் பளபளப்பு ஏற்றிவிட்டதால், அவ்வளவு பாடுபட்டுக் கொத்திய சுருக்கங்கள் வெயிலில் மறைகின்றன. பீடத்தில் எழுத்துகள் ஆழமில்லை. எண்ணெய் பட்டால் படிக்க இயலவில்லை. ஜூன் 3 அன்று வரும் அவருடைய திருநாளுக்கு முன்பே தருவதாகச் சொன்ன சுரூபம், திருநாள் கழிந்த பிறகே வீடு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது உண்மையான வருத்தம்.

வண்ணம் பூசிய ஃபைபர் சுரூபத்தைவிடச் செலவு பல மடங்கு ஆகும். தூக்கி வைக்க இருவர் வேண்டும். என்றாலும், கடையில் கிடைக்காத ஒரு புனிதரை வாழ்க்கை அறிந்து செய்துதர ஆள் வேண்டுமென்றால், இங்கே கொடுக்கலாம். முகம் கொத்தும் நாளில் நேரில் போய் நில்லுங்கள். பளபளப்பு எதுவரை வேண்டும் என்பதைச் சுண்ணக்கட்டியால் கல்லிலேயே குறித்துக் கொடுங்கள். குளோத்தாரின் மனைவியாக இருந்து, அவரை விட்டு விலகிப் பிரான்சின் புவாத்தியே நகரில் பெண்கள் மடம் நிறுவிய புனித ரதெகுந்தாவுக்கும் அதே சிற்பியிடம் சொல்லியிருக்கிறேன். இம்முறை முகத்தை உளி வேலையோடு விட்டுவிட ஒப்புக்கொண்டிருக்கிறார்.