பந்து டேலியா: பல பருவங்கள் வளர்த்துப் பார்த்ததில்

டேலியா என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூக்கும் ரகங்களுக்குத்தான் மவுசு. படம் எடுக்க அவை அழகுதான். ஆனால் ஒரு மழை பலமாக அடித்தால் தலை தொங்கிவிடும். பறித்து வைத்தாலோ சீக்கிரமே ஓர இதழ் பழுக்க ஆரம்பிக்கும். இவற்றையும், பந்துபோல உருண்டையாகப் பூக்கும் பந்து டேலியாவையும் அருகருகே வளர்த்துப் பார்த்துவிட்டு, ஓரப் பாத்தி முழுவதையும் பந்து டேலியாவுக்கே ஒதுக்கிவிட்டேன்.

பந்து டேலியா தாக்குப்பிடிக்கக் காரணம் இதழ்தான். ஒவ்வொரு இதழும் உள்பக்கமாகச் சுருண்டு, நுனி மழுங்கி, நெருக்கமாகச் சுழன்று அடுக்கியிருக்கும். அதனால் எளிதில் மடங்குவதில்லை, கை பட்டாலும் கன்றிப் போவதில்லை. அமெரிக்க டேலியா சங்கத்தின் கணக்குப்படி பூவின் அகலம் 3.5 அங்குலத்துக்கு மேல் என்றால் பந்து, 2 முதல் 3.5 வரை சிறு பந்து, அதற்கும் கீழே பாம்போன் (pompon). பறிப்பதற்கு என்னைக் கேட்டால் சிறு பந்துதான். பூவின் கனமும் தண்டின் பலமும் சரியாகப் பொருந்தியிருக்கும்.

ரகங்களில் கோர்னெல் என்ற அடர்சிவப்பு முதலிடம். தண்டு விறைப்பாக நிற்கும், பூத்துக்கொண்டே இருக்கும். கோர்னெல் பிரான்ஸ் (Cornel Bronze) அதே குணம், செம்பு நிறம். ஜோவி வின்னியின் சால்மன் இளஞ்சிவப்பு எந்த நிறத்தோடும் ஒத்துப்போகும். இவானெட்டியின் கத்தரிக்காய் நிறம் பூங்கொத்தில் எடுப்பாக இருக்கும், தூரத்திலிருந்து பார்க்கும் பாத்தியில் மங்கிவிடும். விதை பாக்கெட்டை நம்பி இறங்க வேண்டாம். டேலியா விதையிலிருந்து தாய்ச்செடி அப்படியே வருவதில்லை. வேண்டிய ரகம் வேண்டுமென்றால் கிழங்கு, இல்லையென்றால் அதன் தளிரை வெட்டி வேர்விடச் செய்த நாற்று. அப்படியும் ஒரு தடவை வெள்ளை கேட்டு வாங்கிய கிழங்கு மஞ்சளாகப் பூத்தது, அது வேறு கதை.

கிழங்கு பருமனாக இருப்பது முக்கியமில்லை. கழுத்து ஒடியாமல், தண்டோடு சேரும் இடத்தில் ஒரு கண்ணாவது, அதாவது முளை கிளம்பும் புள்ளியாவது, இருக்க வேண்டும். கண் இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. 10 முதல் 15 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி. பல ரகங்கள் ஒரு மீட்டர் வரை போகும், அதனால் பாத்தியில் முன்வரிசை வேண்டாம். முட்டுக் குச்சியை நடும்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். மண்ணில் ஓரளவு ஈரம் இருந்தால் முளை தலைகாட்டும் வரை தண்ணீர் தேவையில்லை. தழைச்சத்து அதிகமுள்ள உரம் போட்டால் இலைதான் செழிக்கும், பூ குறையும், தண்டும் துவளும்.

உரத்தைவிட விரலுக்குத்தான் இங்கே வேலை. மூன்று, நான்கு ஜோடி இலை வந்ததும் நடுக்கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். நன்றாக வளரும் செடியைக் கிள்ள மனசு வராது, சரி. ஆனால் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டில் நெட்டையாகப் போய் முதல் பூவோடு களைத்துவிடும். கிள்ளிய செடி கொஞ்சம் தாமதமாகப் பூத்தாலும் அடியிலிருந்தே கிளைவிட்டு நீளத் தண்டுகளாகத் தரும். அப்புறம் மொட்டு. தண்டு நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டு சேர்ந்து வரும். பறிப்பதற்கென்றால் பக்க மொட்டு இரண்டையும் பட்டாணி அளவில் இருக்கும்போதே எடுத்துவிடுவேன். பாத்தி அழகுக்கு மட்டும் என்றால் விட்டுவிடலாம்.

வாடிய பூவையும் புது மொட்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இதழ் உதிர்ந்தபின் இரண்டும் பச்சைதான். மொட்டு உருண்டையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். முடிந்த பூ கூம்பியிருக்கும், அழுத்தினால் மெத்தென்று ஈரம் கசியும். கூம்பியதை விட்டுவைத்தால் செடி விதை கட்டப் போய்விடும், புதுப் பூ குறையும்.

பறித்தபின் டேலியா மொட்டு சரியாக விரியாது. அதனால் முக்கால்வாசிக்கு மேல் விரிந்ததும் அதிகாலையில் வெட்டுங்கள். வெட்டும் முன் பூவைத் திருப்பிப் பின்னிதழைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் சரி, காகிதம்போல் உலர்ந்திருந்தால் அந்தப் பூ முடிந்தது. தண்டை நீளமாகவே வெட்டலாம், அடுத்த தண்டும் நீளமாக வரும். அடி இலைகளை நீக்கித் தினமும் தண்ணீர் மாற்றினால் நாலைந்து நாள் தாங்கும். வெந்நீரில் தண்டின் அடியை வைத்து ஆறவிடும் முறையையும் செய்து பார்த்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாரக்கணக்கில் நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான். வாசனையும் கிடையாது.

வேறு குறைகளும் உண்டு. வெயில் கடுத்தால் பூ சிறுக்கும், இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப் பேன் பின்னும். ஈரப்பதம் கூடினால் சாம்பல் நோய். இளம் தளிர் வந்தால் நத்தைக்கு விருந்து. பருவக் கடைசியில் செடி தளரும்போது பூவின் நடு திறந்து மஞ்சள் தெரியும், பந்து வடிவமே போய்விடும். இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. நரம்போரம் மஞ்சள் பாய்ந்து, இலை நெளிந்து, செடி குட்டையாகவே நின்றால் மட்டும் பரிதாபம் பார்க்காதீர்கள், தேமல் வைரஸாக இருக்கலாம். மருந்து கிடையாது. கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, வெட்டிய கத்தரியையும் சுத்தம் செய்யுங்கள்.

உறைபனி விழும் இடத்தில், இலை கருகியபின் கிழங்கைத் தோண்டி, 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த இடத்தில் மரத்தூளில் புதைத்து வைக்க வேண்டும். மற்ற இடங்களில் மண்ணிலேயே விடலாம், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. குளிரைவிட ஈரத்தில் அழுகிப் போகும் கிழங்குதான் அதிகம். கொத்தைப் பிரிக்க அடுத்த பருவத் தொடக்கம் வரை காத்திருந்தால் கண் புடைத்துத் தெளிவாகத் தெரியும், எங்கே வெட்டுவது என்று யோசிக்க வேண்டாம். பிரிக்க நேரமில்லை என்றால் கொத்தாகவே நடலாம். ஆனால் தண்டு ஏகப்பட்டது கிளம்பும். நல்லதாக நாலைந்தை விட்டு மீதியை எடுத்துவிடுங்கள்.