வான்கோழி பொரிக்கும் சட்டி: ஏழு ஆண்டு அனுபவம்

ஹூஸ்டனில் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை, அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாளான தேங்க்ஸ்கிவிங் அன்று, முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கிறோம். முதல் இரண்டு ஆண்டு கொல்லைப்புறத்தில் எரிவாயு அடுப்பின்மேல், பிறகு ஐந்து ஆண்டாகச் சமையலறையில் மின்சாரச் சட்டியில். இரண்டையும் புழங்கிப் பார்த்தவள் என்ற முறையில் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பொரிப்பது முக்கால் மணி நேர வேலை. அதற்கு முந்தைய நான்கு நாளையும் அடுத்த ஒரு நாளையும் யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவுசெய்யாமல் சட்டியை வாங்காதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சுவைக்காகத்தான். 12 பவுண்ட் பறவை அடுப்புப் பெட்டிக்குள் வேக மூன்று மணி நேரம் ஆகும். கால் வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி வறண்டு சக்கையாகிவிடும். எண்ணெயிலோ, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பவுண்டுக்கு மூன்றரை நிமிடம் என்று கணக்கு வைத்தால் போதும். தோல் அப்பளம்போல் நொறுங்கும், நெஞ்சுக்கறி ஈரம் மாறாமல் இருக்கும். காலைத் தவிர வேறு எதையும் தொடாத என் பிள்ளைகள் இப்போது நெஞ்சுத்துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் எங்களுக்குக் கிழக்கே, லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களிடமிருந்து வந்தது. நண்டும் இறால்போன்ற கிராஃபிஷும் அவிக்க அவர்கள் வைத்திருக்கும் பெரிய அலுமினியக் கொப்பரையும் புரொப்பேன் அடுப்பும்தான் இதற்கும் உதவின. நாங்கள் முதலில் வாங்கியதும் அதே அமைப்புதான், ஏறத்தாழ 28 லிட்டர் கொள்ளும் கொப்பரை.

முதல் ஆண்டு நடந்ததை மறைக்க விரும்பவில்லை. 14 பவுண்ட் பறவை மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தது. மேலே தொட்டால் மெத்தென்று இருந்தது. என் கணவர் கொக்கியில் மாட்டி எண்ணெய்க்குள் இறக்கத் தொடங்கியதுமே கொப்பரை சீறிப் பொங்கியது. கழுத்துப் பக்கம், நெஞ்சுக்கூட்டின் உள்ளே, உள்ளங்கை அளவு பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்க்கத் தவறியிருந்தோம். நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. கொதிக்கும் எண்ணெய்க்குள் அது நடந்தால் எண்ணெய்க்கு வெளியே வருவதைத் தவிர வேறு வழியில்லை. விளிம்பைத் தாண்டி அடுப்பின்மேலேயே வழிந்தது. பறவையை இறக்கும் முன் தீயை அணைத்திருந்தோம். அன்று எங்களைக் காப்பாற்றியது அது ஒன்றுதான். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இந்த எரிவாயுச் சட்டிகளே வேண்டாம் என்று சொல்வதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அதனால் உறைநிலை நீக்குவதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் நான்கைந்து பவுண்டுக்கு 24 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. 12 பவுண்டுக்கு மூன்று நாள் வரும். நான் நான்கு நாள் விடுகிறேன், ஞாயிறு காலையே உறைபெட்டியிலிருந்து எடுத்துவிடுவேன். புதன்கிழமை வயிற்றுக்குள் கைவிட்டுக் கழுத்தையும் ஈரல் பொட்டலத்தையும் வெளியே எடுத்து, விரலால் விலா எலும்புகளின் இடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பேன். சில்லென்று கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றுவேன். பிறகு காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஒற்றி, உப்பைத் தடவி, மூடாமல் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். தோல் காகிதம்போல் உலர்ந்துவிடும். மொறுமொறுப்பு எண்ணெயில் வருவதைவிட இந்த ஓர் இரவில் வருவதுதான் அதிகம்.

மசாலாவைத் தோலுக்கு மேலே அப்பாதீர்கள், அது எண்ணெயில் உதிர்ந்து கருகும். சர்க்கரை கலந்ததென்றால் சட்டியே கசந்துவிடும். இஞ்சி, பூண்டு, மிளகு மூன்றையும் அரைத்துச் சாறு பிழிந்து, உருக்கிய வெண்ணெயோடு கலந்து, பெரிய ஊசியால் நெஞ்சிலும் தொடையிலும் ஏற்றுகிறேன். சாற்றை இருமுறை துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு மிளகுத் துணுக்கு போதும், ஊசி அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் ஆண்டு மழை பிடித்துக்கொண்டது. கொதிக்கும் எண்ணெயைத் திறந்த வெளியில் மழையில் வைக்க முடியாது. கூரைக்கு அடியிலோ கார் நிறுத்தும் அறையிலோ வைத்தால் தீ பிடிக்கும் அபாயம் உண்டு. விருந்தினர் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருக்க, மழை விடும்வரை மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அடுத்த மாதமே மின்சாரச் சட்டி வாங்கினேன்.

அதில் 14 பவுண்ட் வரையுள்ள பறவை அடங்கும். எண்ணெய் ஏழரை லிட்டர் போதும். கொப்பரைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு தேவைப்பட்டது. எண்ணெய் எவ்வளவு என்று அளக்க, காலிச் சட்டியில் பறவையை வைத்து, அது மூழ்கும்வரை நீர் ஊற்றி, பறவையை எடுத்தபின் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். இதைப் பறவையைத் துடைத்து உப்பிடும் முன்பே செய்துவிட வேண்டும். சட்டியையும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இது 1,650 வாட் இழுக்கிறது. இங்குள்ள 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு தாங்குவதே மொத்தம் 1,800 வாட்தான். முதல் முறை அதே இணைப்பில் ரொட்டி வாட்டியைப் போட்டதும் மின்சாரம் துண்டித்துக்கொண்டது, எண்ணெய் ஆறத் தொடங்கியது. இப்போது அந்தச் சுவர்ப்பக்கம் வேறெதையும் செருகுவதில்லை. சட்டியின் முள் 375 காட்டும்போது எண்ணெய்க்குள் விட்ட வெப்பமானி 350 காட்டுகிறது. முள்ளை நம்பியிருந்தால் முதல் பறவை உள்ளே வேகாமல் போயிருக்கும். தனி வெப்பமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். நெஞ்சிலும் தொடையிலும் எலும்பைத் தொடாமல் குத்திப் பார்த்து, 165 டிகிரியைத் தாண்டினால்தான் எடுக்கலாம். தொடை 175 வரை போனால் எனக்கு இன்னும் பிடிக்கும். மூன்றாம் ஆண்டில் எண்ணெய் வடிக்கும் குழாயின் ரப்பர் வளையம் இறுகி, மேசைமேல் எண்ணெய் கசிந்தது. வளையத்தை மாற்றியபின் தொல்லையில்லை, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முந்தின நாள் நீர் ஊற்றிச் சோதித்துவிடுகிறேன்.

இன்னொன்று: பொரித்தால் தட்டில் வடியும் கொழுப்பு கிடைக்காது, கிரேவிக்கு அடிப்படை அதுதான். கழுத்தையும் ஈரலையும் காலையிலேயே வெங்காயத்தோடு வேகவைத்து அந்தச் சாற்றில் கிரேவி செய்கிறேன். ஈரலைப் பாதியில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும்.

பக்க உணவுகளில்தான் இந்தச் சட்டி எங்களுக்கு உறவாகிவிட்டது. என் மாமியார் அசைவம் தொடுவதில்லை. முதல் ஆண்டு, வான்கோழி வெந்த எண்ணெயிலேயே எல்லாவற்றையும் பொரித்துவிட்டு, அவர் தட்டில் வெறும் சோறும் அவரைக்காயும் வைக்க நேர்ந்தது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அடுத்த ஆண்டிலிருந்து வரிசையை மாற்றினேன். புது எண்ணெய் காய்ந்ததும் முதல் ஈடு அத்தையின் உளுந்து வடை. வெப்பமானியைக் காட்டினேன். அவர் ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டு, அது எழும் வேகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் காயட்டும் அம்மா" என்றார். வெப்பமானி 320 காட்டியது. 345 ஆனபோது "இப்போது போடு" என்றார்.

வடைக்குக் கூடையை முதலில் எண்ணெய்க்குள் இறக்கிவிட்டு, பிறகு மாவைப் போட வேண்டும். மாவோடு கூடையை இறக்கினால் கம்பி வலையில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மோரில் நனைத்துச் சோளமாவில் புரட்டிய வெண்டைக்காய். மாவுத் துகள்களைச் சல்லடைக் கரண்டியால் அரித்தெடுத்தபின் வான்கோழி. அது வெந்து, வெட்டும் முன் அரை மணி ஆறும். அந்த நேரத்தில் வான்கோழி வாசம் ஏறிய எண்ணெயில் ஹஷ் பப்பி, சோளமாவும் மோரும் வெங்காயமும் சேர்ந்த தெற்கத்திக்காரர்களின் உருண்டை. கடலை எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறோம், அதனால் ஒவ்வொரு விருந்தினரிடமும் நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுகிறேன்.

எண்ணெய் ஆற இரவு முழுவதும் ஆகும். அதுவரை சட்டியை நகர்த்த யாரையும் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை காலை, துவைத்த பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டி வடிகட்டி, ஜாடிகளில் தேதி எழுதி, வெளிச்சம் படாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். பக்கத்து அடுப்பில் வான்கோழி எலும்பு மிளகோடும் சீரகத்தோடும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணெய் ஒரே ஒரு முறை, கிறிஸ்துமஸ் வாரத்தில் கோழி பொரிக்க, திரும்ப வெளியே வரும். பிறகு பழைய ஜாடியில் ஊற்றி இறுக மூடி, கழிவு எண்ணெய் வாங்கும் மையத்தில் கொடுத்துவிடுகிறேன்.