ஹெச்பி-16சியா, டிஐ புரோகிராமரா, கைபேசி செயலியா?

ஹெக்ஸ் கணக்குக்கு (0–9, ஏ–எஃப் என்று 16 இலக்கங்களில் எழுதும், நிரலாளர்களின் எண்முறை) பழைய கையடக்கக் கால்குலேட்டர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இரண்டு பெயர்களில்: 1977இல் வந்த டிஐ (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) புரோகிராமர், 1982இல் வந்த ஹெச்பி-16சி. என் ஓட்டு 16சிக்குத்தான்.

டிஐ எடுத்தவுடன் புரியும். காகிதத்தில் எழுதுகிற வரிசையிலேயே கணக்கைத் தட்டலாம், அடைப்புக்குறியும் உண்டு. ஆனால் பைனரி (0, 1 மட்டும் கொண்ட எண்முறை; அதன் ஒவ்வொரு இலக்கமும் ஒரு பிட்) கிடையாது, எந்த பிட் 1, எந்த பிட் 0 என்று மனசுக்குள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய மாடலின் சிவப்பு எல்இடி எழுத்துகள் கொள்ளை அழகு, பேட்டரியைத்தான் குடித்துவிடும்.

16சியில் வேர்ட் அளவை, அதாவது ஒரு எண்ணுக்கு எத்தனை பிட் என்பதை, 1 பிட்டிலிருந்து 64 பிட் வரை நாமே வைத்துக்கொள்ளலாம். உயிர்நாடியே இதுதான். 8 பிட், டூஸ் காம்ப்ளிமென்ட் (மைனஸ் எண்களையும் பிட்டுகளில் எழுதும் முறை) என்று வைத்துவிட்டு, ஹெக்ஸில் 7எஃப், என்டர், 1, பிளஸ் என்று தட்டிப் பாருங்கள். 80 வரும், திரையின் கீழே ஜி என்ற எழுத்து தோன்றும், அதாவது எண் எல்லையைத் தாண்டிவிட்டது (ஓவர்ஃப்ளோ). எஃப்எஃப்போடு 1 கூட்டினால் 0 வரும், ஆனால் இப்போது ஜி இல்லை, சி, அதாவது கேரி: 8 பிட்டுக்கு மேல் ஒரு பிட் வழிந்துவிட்டது. கேரி வேறு, ஓவர்ஃப்ளோ வேறு என்பது அப்படியே கண்முன் நிற்கிறது. டிஐயில் இதே கூட்டல் 100 என்று வரும். கணக்காகச் சரி, ஆனால் உங்கள் 8 பிட் சிப் அப்படி நடந்துகொள்ளாதே!

குறை இல்லாமல் இல்லை. பைனரியில் ஒரே நேரத்தில் 8 இலக்கம்தான் தெரியும், மீதியைப் பார்க்க நகர்த்த வேண்டும், என்டர் போட்டுவிட்டுக் கடைசியில் பிளஸ் தட்டுகிற ஆர்பிஎன் முறை கைக்கு வரச் சில நாள் ஆகும். 64 பிட்டையும் மொத்தமாகக் காட்டி, தொட்டவுடன் பிட்டை மாற்றும் கைபேசிச் செயலி இந்த இடத்தில் நிச்சயமாக மேல். ஆனால் கண்ணாடியில் விரல் எங்கே பட்டது என்று பார்க்கவே கண் எழுதிக்கொண்டிருக்கும் நிரலை விட்டு நகர வேண்டியிருக்கிறது. 16சியின் விசை 'டக்' என்று அழுந்தும்போது விரலுக்கே தெரியும். மூன்று பட்டன் செல் போட்டால் வருஷக்கணக்கில் ஓடும் என்பதால் மேசையிலேயே கிடக்கலாம்.

1989இல் ஹெச்பி இதை நிறுத்திவிட்டது. பழையது கிடைக்கவில்லையா, ஸ்விஸ்மைக்ரோஸின் டிஎம்16எல் இருக்கிறது, உள்ளே ஓடுவது 16சியின் அதே நிரல்தான்.