இறால் குளத்துக்கான லாக்டோனேஸ் பொடி: சோதனைத் தட்டில் கண்டது

வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் வளர்க்கும் என் மைத்துனர், இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ கிருமிகளின் பேச்சை அறுத்துவிடும் என்ற உறை வாசகத்தை நம்பி ஒரு கிலோ நொதிப் பொடியை வாங்கி, குளத்தில் இடுமுன் பார்த்துச் சொல்லும்படி எங்கள் ஆய்வகத்தில் கொடுத்தார். விலை, அவர் வழக்கமாக வாங்கும் பாசிலஸ் புரோபயாட்டிக்கைப் போல மூன்று மடங்கு.

அடிப்படை அறிவியலில் குறையில்லை. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் பல ஏசைல் ஹோமோசெரின் லாக்டோன் என்னும் சிறு மூலக்கூறை வெளியிட்டு, அது சேரும் அளவைக் கொண்டு தம் கூட்டம் பெருகிவிட்டதை உணர்ந்த பிறகே நோய் உண்டாக்கும் வேலையில் முனைப்பாக இறங்குகின்றன. கிருமிகளின் பேச்சுக்கான சமிக்ஞை அம்மூலக்கூறுதான். அதன் வளையத்தைத் திறக்கும் லாக்டோனேஸ் என்னும் நொதியை ஒரு பாசிலஸிலிருந்து பிரித்துச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்டார்கள்.

சோதனைக்கு, குரோமோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவின் சி.வி.026 என்ற திரிபை எடுத்தோம். அது தானாகச் சமிக்ஞை தயாரிக்காது. வெளியிலிருந்து கொடுத்தால்தான் கத்திரிப்பூ நிறம் கொள்ளும். பொடியைக் குளத்து நீரில் கரைத்து, சமிக்ஞையோடு சில மணி நேரம் வைத்துத் தட்டில் இட்டபோது நிறம் வரவே இல்லை. மைத்துனர் முகம் மலர்ந்தது. ஆனால் கொதிக்கவைத்து நொதியைச் சாகடித்த பொடியும் அதே வெளிறிய தட்டைத்தான் தந்தது. பொடியில் கலந்திருந்த சுண்ணாம்பு, குளத்து நீரின் பி.எச். அளவை 9-க்கு மேல் ஏற்றியிருந்தது. அவ்வளவு காரத்தில் வளையம் நொதியின் உதவியின்றியே திறந்துகொள்ளும். குளத்து நீரே பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருப்பதால், காசு கொடுத்து வாங்கும் வேலையில் ஒரு பங்கைக் குளம் இலவசமாகவே செய்கிறது என்றும் சொல்லலாம்.

சுண்ணாம்பால் பி.எச். ஏறாதபடி, அதை 6.5-இல் நிலையாக வைத்திருக்கும் தாங்கல் கரைசலில் மீண்டும் சோதித்தோம். கொதிக்காத பொடி நிறத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது, கொதித்தது குறைக்கவில்லை. கலவையை அமிலமாக்கி ஒரு நாள் வைத்துப் பின் நடுநிலைப்படுத்தியபோது நிறம் திரும்பியது. திறந்த வளையம் அமிலத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். மூலக்கூறின் பக்கச் சங்கிலியை வெட்டும் ஏசிலேஸ் என்னும் வேறு நொதியாக இருந்தால் அப்படி மீளாது. ஆகவே பொடியில் இருப்பது லாக்டோனேஸ்தான், போலியன்று.

மிகை உறையில்தான் இருக்கிறது. விப்ரியோ ஹார்வியி மூன்று வகைச் சமிக்ஞைகளால் பேசுவது. லாக்டோனேஸ் தொடுவது அவற்றில் ஒன்றை மட்டுமே. மற்ற இரு சமிக்ஞைகளான ஏ.ஐ.-2, சி.ஏ.ஐ.-1 இரண்டும் அதன் கைக்கு எட்டாதவை. நொதியின் செயல்திறன் எத்தனை யூனிட் என்ற விவரமும் அச்சிடப்படவில்லை. வெளியறையில் ஒரு மாதம் கிடந்த பொடி மறுசோதனையில் நிறத்தை அசைக்கவே இல்லை.

குஞ்சு விடும் சிறு தொட்டியில் மட்டும், குளிர்பெட்டியில் வைத்த பொடியைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். ஏக்கர் குளத்துக்கு இந்த விலையில் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.