டிகாஷன் இறங்கும் நேரத்தில் வரலாறு: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டுப் பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறங்க இருபது நிமிடம் ஆகும். அதுவரை என்ன செய்வது என்று தெரியாமல்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘வரலாற்றில் இன்று’ வகைச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றினேன். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். காலை ஆறு மணிக்கு ஒலிக்கும். அந்தத் தேதியில் என்றோ நடந்த ஒன்றைச் சொல்லி, கீழே ஒரு கேலி வரி போடும். நான் உரக்க வாசிப்பேன். மனைவி கேட்பாள், அல்லது கேட்காததுபோல் பால் காய்ச்சுவாள்.

முதல் சில மாதங்கள் திருவிழாதான். 1932 நவம்பர் 2 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைப் பயிரை நாசம் செய்த ஈமு பறவைகள் மீது ராணுவமே இறங்கியது; இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள், 10,000 தோட்டாக்கள். பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சிதறி ஓடிவிட, படைதான் திரும்பிப் போனது. “போன மாதம் மாடியில் குரங்கை விரட்டப் போனீர்களே, யார் ஜெயித்தது?” என்று கேட்டாள் மனைவி. வடாம் போன கதை அது. 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாருக்கும் மூண்ட போர் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது என்று வாசித்தபோது, “நம் வீட்டில் இரண்டாவது டிகாஷன்கூட இறங்கியிருக்காது” என்றாள். செயலி போட்டிருந்த கேலி வரி இப்போது நினைவில் இல்லை.

குறை தெரிய ஆரம்பித்தது ஒரு டிசம்பர் 29 அன்று. 1675-இல் அதே நாளில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காபிக் கடைகளை மூட உத்தரவிட்டார். அங்கே கூடிக் கூடி அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்களாம். செயலி அத்தோடு நிறுத்திக்கொண்டது. நானும் பல நாள் இங்கிலாந்துக்காரர்கள் காபி இல்லாமல் தவித்ததாக நினைத்து அவர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தேடிப் படித்தால், தடை அமலுக்கு வரவேண்டிய நாள் ஜனவரி 10. எதிர்ப்பு தாங்காமல் ஜனவரி 8 அன்றே மன்னர் உத்தரவைத் திரும்பப் பெற்றுவிட்டார். ஒரு கடையும் மூடப்படவில்லை! தேதிவாரியாக வரலாற்றை நறுக்கினால் இப்படித்தான். தலை டிசம்பரில் கிடக்கும், வால் ஜனவரியில் கிடக்கும். ஜனவரி 8 அன்று செயலி சொன்னதோ கலிலியோவைப் பற்றி. 1642-இல் அவர் இறந்தார், அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார், என்னே பொருத்தம் என்று உருகியது.

அந்தப் பொருத்தமும் பொய். கலிலியோ இறந்த தேதி இத்தாலியின் புதிய நாட்காட்டிப்படி. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி. இத்தாலியக் கணக்கில் அது 1643 ஜனவரி 4. போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் பத்து நாட்களை நீக்கிச் சீர்திருத்திய நாட்காட்டியை இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. அதற்குள் இடைவெளி பதினொரு நாளாகிவிட்டது; அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. “பதினொரு நாள் பால் கணக்கை எப்படிப் பார்த்திருப்பார்கள்?” என்றாள் மனைவி. விளையாட்டாகக் கேட்டாலும் அதுதான் சரியான கேள்வி. நாட்களை விட்டுக்கொடுத்த அரசு வரியில் ஒரு நாளையும் விட்டுக்கொடுக்கவில்லை. மார்ச் 25-இல் தொடங்கிய கணக்காண்டைப் பதினொரு நாள் தள்ளிவைத்தார்கள். பின்னர் இன்னும் ஒரு நாள் சேர்ந்து, பிரிட்டனின் வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 6-இல்தான் பிறக்கிறது.

இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை எந்தச் செயலியும் சொல்லவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், அவர்களுக்குப் புதிய நாட்காட்டி. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர்கள், அவர்களுக்குப் பழையது. 1752-க்குச் சற்று முன் வரை, புதுச்சேரியில் 20-ஆம் தேதி எழுதிய கடிதம் மூன்று நாள் பயணம் செய்து சென்னைக்கு 12-ஆம் தேதியே வந்து சேர்ந்துவிடும்! இன்றைய கூரியர்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது எந்தத் தேதியில் என்று கேட்டால், யார் வீட்டு நாட்காட்டியில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் பெரிய ஏமாற்றம்: ஈமு மறுபடி வந்தது. சான்சிபார் மறுபடி வந்தது. கேலி வரியும் எழுத்து மாறாமல் அதே வரி. ஏற்றுவதற்கு முன் யோசித்திருக்க வேண்டியதுதான். ஆண்டுக்கு இருப்பதே 365 தேதிகள். இடையிடையே வரும் நடிகர், விளையாட்டு வீரர் பிறந்தநாள்களை நான் படிப்பதே இல்லை. நம் ஊர்ச் செய்திகள் அபூர்வம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசியது மூன்று ஆண்டிலும் வரவில்லை. என் அப்பா என்னை ‘எம்டன்’ என்று திட்டி வளர்த்தவர்; அந்தத் தேதிக்குக் காத்திருந்தேன், கிடைத்தது ஒரு பாடகரின் பிறந்தநாள்.

இன்னொன்றும் வராது. 1712-இல் சுவீடனில் பிப்ரவரி 30 வந்தது. மெல்ல மெல்ல நாட்காட்டி மாறலாம் என்று தொடங்கி, நடுவில் மறந்து, குழம்பி, பழையதற்கே திரும்ப ஒரு நாளைக் கூட்டிக்கொண்டார்கள். செயலியில் அந்தத் தேதிக்குப் பக்கமே கிடையாது.

மனைவிக்கு மிகவும் பிடித்தது 1930 ஏப்ரல் 18. அன்று மாலை பிபிசி வானொலியில் செய்தி வாசிப்பவர், இன்று செய்தி ஏதும் இல்லை என்றார். மீதி நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள். “தினமும் இதையே போடச் சொல்லுங்கள்” என்கிறாள்.

இரண்டு ஆண்டு இலவசமாக இருந்தது, மூன்றாம் ஆண்டு முதல் 300 ரூபாய் சந்தா. விளம்பரம் நின்றது, ஈமு நிற்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் ஆண்டை மட்டும் அனுபவித்துவிட்டு அழித்துவிடலாம். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நேற்றுக் காலை அறிவிப்பு வந்தது. வாசித்துக் காட்டினேன்.

“செப்டம்பரில் பதினொரு நாளைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குக் கட்டுங்கள்” என்றாள், டபராவை நீட்டியபடி.